வேலிப் பொட்டு வழியே வரும் வழக்கு

"எங்கட நாய் அப்பிடிச் செய்யாது." தெல்லிப்பழைப் பக்கத்தில் கோழியைப் பறிகொடுத்த ஒருவர் பக்கத்து வளவுப் படலையில் நின்று முறையிட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை. தன் விறாந்தையில் வாலைக் குழைத்துக்கொண்டு கிடக்கும் நாயைத்தான் அவர் அறிவார். வேலிக்கு அப்பால் அதே நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவர் பார்த்ததில்லை. கோழிக்காரரோ அதை மட்டுமே பார்த்தவர். இருவரும் தாம் கண்டதையே சொல்வதால்தான் இந்தச் சண்டை இலகுவில் தீர்வதில்லை.

செத்தது ஒரு கோழிதானே என்று வெளியூரார் கேட்கலாம். தெல்லிப்பழை அடங்கிய யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் அண்மைக்கால வரலாறு தெரிந்தவர் கேட்கமாட்டார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். பலரது காணிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட நிலங்களுக்குத் திரும்பியவர்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவற்றில் கோழிக்குஞ்சுகளும் கூடும் அடங்கும். தோட்டம் செய்யக் கிணறு இறைக்க வேண்டும், மாடு வாங்க முதல் வேண்டும். கோழிக்கு வளவும் கொஞ்சம் குறுணலும் இருந்தால் போதும். கணவனை இழந்த பெண்ணொருவர் யாரிடமும் கை நீட்டாமல் பிள்ளைக்குக் கொப்பி வாங்கக்கூடிய காசு பல வீடுகளில் கோழிக்கூட்டிலிருந்துதான் வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறி, பெரிய பண்ணைகள் சுருங்கி, 2023இல் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டிவந்தபோது வளவுக் கோழியின் மதிப்பு இன்னும் கூடியது.

கணக்கும் ஒரு கோழியோடு நிற்பதில்லை. ஊர்க்கோழிப் பேடு ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைகிடக்கும். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அந்தக் காலத்தில் தாயை நாய் பிடித்தால் குஞ்சுகளைக் காகமும் பருந்தும் பார்த்துக்கொள்ளும். சந்தையில் அந்தப் பேட்டுக்கு என்ன விலையோ அதை மட்டும் நீட்டுகிற அயலவருக்கு நட்டத்தின் பாதி தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பிடித்தது நாய்தானா? முறைப்பாடு செய்யப் போகுமுன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். தெல்லிப்பழையின் பனங்கூடல்களிலும் பற்றை மண்டிய வெறுங்காணிகளிலும் கீரியும் மரநாயும் இருக்கின்றன. பருந்து பகலில் வந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும். மிஞ்சுவது வெறும் எண்ணிக்கைக் குறைவுதான். மரநாய் இரவில் வரும், கழுத்தையும் தலையையும் குறிவைக்கும். கீரி பகலிலேயே வரும், முட்டையையும் விடாது. நாயின் தடம் வேறு. வளவெங்கும் இறகு பறந்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் வெவ்வேறு இடங்களில் கிடக்கும். உடலில் நசுங்கலும் கிழிசலும் இருக்கும், தின்ற அடையாளம் குறைவாகவே இருக்கும். உயிரோடு எஞ்சிய கோழியின் முதுகில் இறகு பிடுங்கப்பட்டு ஈரமாக இருக்கலாம். கூட்டின் கம்பி வெளியிலிருந்து உள்நோக்கி வளைந்தோ, அடியில் மண் கிளறப்பட்டோ இருந்தால் ஐயம் மேலும் குறையும். கோழிகளை எடுத்துப் புதைப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் இவற்றைப் படமெடுத்து வைப்பது நல்லது. படத்தில் நாளும் நேரமும் தானாகப் பதிந்திருக்கும்; பின்னர் யார் முன்னால் போய் நின்றாலும் உதவும்.

கொன்றுவிட்டுத் தின்னாமல் போனதுதான் கோழிக்காரரை மிகவும் கொதிக்க வைப்பது. பசிக்குத் தின்றிருந்தால் மனம் ஆறும். இது வெறும் அட்டகாசம் என்று தோன்றும். விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972இல் இந்த நடத்தையைப் பற்றி எழுதிய கட்டுரை பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்டது. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் நிலவில்லாத இருண்ட இரவுகளில் நரிகள் கருந்தலைக் கடற்காக்கைகளின் கூட்டத்துக்குள் புகுந்து, தின்னக்கூடியதைவிடப் பல மடங்கு பறவைகளைக் கொன்றதை அவர் ஆராய்ந்தார். தேடுதல், துரத்துதல், பிடித்தல், கொல்லுதல், தின்னுதல் என்ற படிகள் ஒவ்வொன்றுக்கும் தனித் தூண்டுதல் உண்டு. வயிறு நிறைந்தால் தின்னும் படிதான் நிற்கிறது, துரத்தும் படி நிற்பதில்லை. இரை ஓடித் தப்பக்கூடிய இடத்தில் இது வெளியே தெரியாது. தப்ப முடியாத இரை கூட்டமாக முன்னால் படபடக்கும்போது ஒன்றை விட்டு அடுத்தது, அதை விட்டு அடுத்தது என்று கொலை தொடரும். பூட்டிய கோழிக்கூட்டுக்குள் நாய் புகுந்தால் நடப்பது இதுவே.

ஆகவே "நாங்கள் வயிறு நிறையச் சாப்பாடு வைக்கிறனாங்கள், அது ஏன் கோழி பிடிக்கப் போகுது" என்ற மறுப்பில் வலுவில்லை. மாலையில் அந்த நாயை இழுத்து வந்து அடிப்பதிலும் பயனில்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையில் சில நொடிகளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் நாயால் இரண்டையும் தொடர்புபடுத்த முடியாது; அடிக்கிற கைக்குப் பயப்படத்தான் பழகும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்ற நம்பிக்கை உலகின் பல நாடுகளில் உண்டு. அது நாற்றத்தைத் தவிர வேறெதையும் தருவதாகத் தெரியவில்லை. ஒருமுறை துரத்திப் பிடித்த நாய் மறுபடியும் வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது தாக்குதல் முதலாவதைப் போன்ற தற்செயலல்ல என்பதுதான் சட்டத்திலும் அயலுறவிலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

மெசொப்பொத்தேமியாவின் எஷ்னுன்னா நகரச் சட்டங்கள் ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழைமை உடையவை. அவற்றில் கடிநாய் பற்றி ஒரு விதி இருக்கிறது. நாய் மூர்க்கமானது என்று ஊர் அதிகாரிகள் உரிமையாளருக்கு அறிவித்திருந்தும் அவர் அதைக் கட்டி வைக்காமல் விட்டு, அது மனிதனைக் கடித்துச் சாகடித்தால், உரிமையாளர் வெள்ளியாகத் தண்டம் கட்ட வேண்டும். விவிலியத்தின் யாத்திராகமத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய விதியும் இதே போக்குத்தான். ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றால் உயிரோடிருப்பதை விற்ற காசையும் செத்ததையும் இருவரும் பாதி பாதியாகப் பங்கிட வேண்டும். முட்டும் பழக்கம் முன்பே தெரிந்திருந்தால் முழு மாட்டுக்கு முழு மாடு. தெரியாமல் நடந்ததற்குப் பாதி, தெரிந்தும் விட்டதற்கு முழுசு. இதைவிடச் சுருக்கமாக நீதியைச் சொன்ன சட்டம் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் காணி, சீதனம், முதுசம் என்றால் தேசவழமை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் பிரித்தானியர் சட்டவலு கொடுத்த அந்தத் தொகுப்பு, அயலவர் வளவுக்குள் சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்பது வரை பேசுகிறது. ஆனால் ஒருவர் சொத்துக்கு மற்றவர் விளைவித்த நட்டம் என்று வரும்போது இலங்கையின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டத்துக்குப் போக வேண்டும். வீட்டு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து நட்டம் விளைவித்தால் உரிமையாளர் தவறு செய்யாதபோதும் பொறுப்பாளி என்பது அதன் பழைய கோட்பாடு. தென்னாபிரிக்காவில் 1927இல் ஓகலகன் எதிர் சப்ளின் என்ற நாய்க்கடி வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோட்பாடு இன்னும் உயிரோடிருக்கிறது என்று உறுதிப்படுத்தியது. ஆனால் கோழியைத் துரத்துவது நாயின் இயல்புக்கு மாறானதா? சட்டத்தரணி ஒருவருக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வாதாட விடயம் இருக்கிறது. வளர்ப்பு நாயிடம் எதிர்பார்க்கும் அடக்கமே அளவுகோல் என்பது ஒரு விடை. எந்தக் கோட்பாட்டின் வழி போனாலும், உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று காட்டக்கூடியவரின் கையே ஓங்கும்.

இங்கிலாந்து இந்தச் சிக்கலைச் சட்டமியற்றித் தீர்த்துக்கொண்டது. அங்கே 1971இன் விலங்குகள் சட்டப்படி, நாய் கால்நடையைக் கொன்றால் அதன் முன்நடத்தை தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் வைத்திருப்பவர் நட்டஈடு தர வேண்டும். கோழி, வாத்து, வான்கோழி, புறா, மயில் வரை கால்நடைக்குள் அடங்கும். அதே சட்டத்தில் தெல்லிப்பழைக்காரரும் கவனிக்க வேண்டிய ஒரு விலக்கு உண்டு: கோழி தானாக நாய்க்காரரின் காணிக்குள் போய் அங்கே கொல்லப்பட்டால் அவர் பொறுப்பில்லை. நம் ஊர் நியாயமும் இதற்கு மாறானதல்ல. "உங்கட கோழி ஏன் எங்கட வளவுக்குள்ள வந்தது" என்ற எதிர்க்கேள்விக்கு முன் பல முறைப்பாடுகள் படுத்துவிடுகின்றன. பக்கத்து வீட்டு மிளகாய்க் கன்றுப் பாத்தியைக் கோழிகள் பல மாதமாகக் கிளறிக்கொண்டிருந்தன என்ற பழைய கோபமும் அப்போதுதான் வெளியே வரும். உடல் கிடந்த இடம் எது, இறகு தொடங்கிய இடம் எது என்ற விவரம் இதனாலும் முக்கியமாகிறது.

இலங்கைச் சட்டப் புத்தகத்தில் நாய்க்கென்று இருப்பவை பழையவை. 1893இன் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901இன் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நோயையும் பதிவையும் பற்றியவை. 1876இன் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் மாடும் ஆடும் பயிருக்குள் புகுவதை மனதில் வைத்து எழுந்தது. தண்டனைச் சட்டக்கோவையில் விலங்கை அலட்சியமாக வைத்திருப்பது பற்றிய பிரிவு மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் நிலையைப் பற்றியது. கோழிக்கு அங்கே இடமில்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்துகொண்டு, இரு பகுதியையும் கூப்பிட்டுப் பேசி அனுப்புவதோடு காரியம் முடிவது அதனால்தான்.

மறுபக்கம், கோழிக்காரர் ஆத்திரத்தில் நாயைக் கொன்றாலோ முடமாக்கினாலோ சட்டம் சட்டென்று விழித்துக்கொள்ளும். பிறர் விலங்கைக் கொல்வது சொத்துக்கு விளைவித்த குற்றம். 1907இன் விலங்குக் கொடுமைத் தடைக் கட்டளைச் சட்டமும் உண்டு. அதன் தண்டப்பணம் இன்றைக்குச் சிரிப்பூட்டும் நூறு ரூபாய்தான் என்றாலும் சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. நஞ்சு வைப்பது எல்லாவற்றிலும் மோசம். வைத்த துண்டை யாருடைய நாய் தின்னும், எந்தக் காகம் எந்தக் கிணற்றடியில் கொண்டுபோய்ப் போடும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கூட்டைச் சுற்றி வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அப்படிப்பட்ட கம்பிகளில் இந்த நாட்டில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

அடுத்த முடிச்சு, நாய் யாருடையது என்பது. "அது எங்கட இல்லை, சும்மா வந்து நிக்கிறது, மிஞ்சினதைப் போடுறனாங்கள்." கட்டாக்காலி என்றும் சொல்ல முடியாது, வளர்ப்பு நாய் என்றும் சொல்ல முடியாது. கழுத்தில் பட்டி இல்லை, பதிவு இல்லை, ஆனால் ஒரு வீட்டு விறாந்தையில்தான் படுக்கிறது. இடப்பெயர்வு இந்த வகை நாய்களைப் பெருக்கியது என்பது என் கருத்து. ஊர் வெறுமையானபோது விடுபட்டவை பெருகின, திரும்பி வந்தவர்கள் அவற்றில் சிலவற்றுக்குச் சோறு வைத்தார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களின் ஆளில்லா வளவுகள் அவற்றுக்கு இருப்பிடமாயின. 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. ஆகவே பிரதேச சபையிடம் சொல்லி நாயை ஒழித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி. அந்தத் தடுப்பூசி வேலையின் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1973இல் 377 பேரைக் கொன்ற விசர்நாய்க்கடி, இப்போது ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.

உரிமை மறுப்புக்கு இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டு நாய்ச் சட்டம் ஒரு நல்ல விடை வைத்திருந்தது. நாய் எந்த வீட்டில் வைக்கப்பட்டிருந்ததோ, எந்த வளவில் தங்க விடப்பட்டிருந்ததோ, அங்கு குடியிருப்பவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இல்லையென்றால் அவரே அதைக் காட்ட வேண்டும். நம் ஊரில் இதற்கு ஈடானது தடுப்பூசி அட்டை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊசி போட வரும் நாளில் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர் யார் என்பது ஊருக்கே தெரியும். விதானையாருக்கும் தெரியும். கிராம சேவகர், கிராம அலுவலர் என்று பெயர் மாறத் தொடங்கி ஆறு தசாப்தமாகியும் அவர் விதானையார்தான்.

இத்தனையும் நடப்பது வேலியில். பழைய யாழ்ப்பாண வேலி பூவரசு, கிளுவை, முள்முருங்கைக் கதியால்களுக்கிடையே கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்தது. ஆண்டுக்கொருமுறை அடைக்காவிட்டால் அடிப்பகுதி உக்கிப் பொட்டு விழும். பொட்டு வழியாகக் கோழி போகும், நாய் வரும், சிலவேளை கறிக்கிண்ணமும் போகும். சீதனமாகப் பிரிந்த காணிகள் அடுத்தடுத்து இருப்பதால் வேலிக்கு அப்பால் இருப்பவர் பல இடங்களில் சகோதரியோ மச்சாளோ பெரியம்மாவின் பிள்ளைகளோதான். உறவு இருப்பதால் முறையிடுவது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் எல்லை அரக்கிய பழைய கதைகள் எல்லாம் கோழியோடு சேர்ந்து கிளம்புவதால் உறவே தடையாவதும் உண்டு. மீள்குடியேறிய பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே கதியால்கள் காடாகிவிட்டிருந்தன அல்லது இடிக்கப்பட்ட வீடுகளோடு அழிந்துபோயிருந்தன. எல்லைக்கல்லைத் தேடி நிலஅளவையாளரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வசதியுள்ளவர் மதில் கட்டினார். மற்றவர் தகரமும் முட்கம்பியும் அடித்தார். நாலு நிரை முட்கம்பி மாட்டைத் தடுக்கும். நாய் குனியாமலே நுழையும்.

எனவே கூட்டைத்தான் நம்ப வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே நிறுத்தாது. நாய் அதைப் பல்லால் கிழிக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றுவைத்த கம்பி வலை விலை கூடினாலும் ஒருமுறைச் செலவு. தெல்லிப்பழையின் செம்மண்ணில் நாய் சுலபமாகத் தோண்டும். சுண்ணக்கல் மேலே தெரியும் இடங்களில் மட்டும் இந்தக் கவலை குறைவு. ஒன்றரை அடி அகல வலையைக் கூட்டின் அடியிலிருந்து வெளிப்புறமாக நிலத்தில் படிய விரித்து மண் மூடிவிட்டால் போதும். நாய் சுவரோரத்தில்தான் கிளறத் தொடங்கும், காலில் கம்பி தட்டியதும் விட்டுவிடும்; ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

பகலில் மேயும் கோழிக்குக் கூடு உதவாது. அங்கே நேரத்தைப் பங்கிடுவதே வழி. நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் வழக்கத்தைப் பார்த்தால், நாய் இரவில் காவலுக்கு அவிழ்க்கப்படுகிறது, கோழி பொழுதுபட அடைக்கப்படுகிறது. இரண்டு விலங்கும் ஒரே நேரத்தில் வெளியே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கால அட்டவணையும் உரசுவது காலையில்தான்: கோழிக்காரர் வெள்ளென எழும்பிக் கூட்டைத் திறந்துவிடுவார், நாய்க்காரர் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் நாயைக் கட்டுவார். மாலையிலும் அப்படியே. நாய் கட்டப்பட்ட பிறகு கோழி திறப்பது, கோழி அடைபட்ட பிறகு நாயை அவிழ்ப்பது என்று இரு வீட்டாரும் ஒரு நேரம் பேசிக்கொண்டால் தகராறின் பெரும்பகுதி போய்விடும். செலவில்லாத ஏற்பாடு என்பதாலோ என்னவோ இதைப் பேசிக்கொள்பவர் குறைவு.

பேசி முடியாதபோது 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. ஊரில் பலர் இன்னும் இணக்கசபை என்பார்கள். 1958இல் அந்தப் பெயரில் ஒரு முறை தொடங்கி எழுபதுகளின் இறுதியில் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கோழியின் நட்டம் போன்ற சிறு தொகைப் பிணக்கை நேரே மல்லாகம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் சபைக்குத்தான் போக வேண்டும். சட்டத்தரணிகள் வரமுடியாது. ஒவ்வொரு பகுதியும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவார்கள், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் கொடுப்பார்கள், அதன் பிறகே நீதிமன்றம்.

தீர்ப்பில்லாத இந்த முறையைப் பல்லில்லாதது என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. நாய், கோழி விடயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டார் தம் நாய் கோழி பிடித்ததை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திடும் அந்த ஒரு தாளின் பயன், முதல் நட்டஈட்டுக் காசைவிடப் பெரியது. எஷ்னுன்னாவின் ஊர் அதிகாரிகள் கொடுத்த அறிவித்தலின் வேலையை அது செய்கிறது. அதன் பிறகு "தெரியாது" என்று சொல்ல முடியாது.

அந்தத் தாள் வரை போக மனமில்லாதவரும் முதல் கோழி செத்த அன்றே அறிவித்தலைக் கொடுத்துவிட வேண்டும். ஆத்திரம் அடங்கிய பிறகு, வேலிக்கு மேலால் கத்தாமல், படலைக்குப் போய்: "அக்கா, காலமை உங்கட கறுப்பன் எங்கட வளவுக்குள்ள வந்து ரெண்டு பேட்டைப் பிடிச்சுப் போட்டுது. படம் எடுத்து வைச்சிருக்கிறன், பாருங்கோ. வேலியில எங்கட பக்கப் பொட்டை நான் இண்டைக்கு அடைக்கிறன்." நாயைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை, தன் பங்கும் சொல்லப்பட்டாயிற்று. அன்று மாலையே அந்தப் படத்தை அவரது கைத்தொலைபேசிக்கும் அனுப்பிவிட்டால் நாளும் நேரமும் இரு பக்கத்திலும் பதிந்திருக்கும்.

நாயின் வாயிலிருந்து கோழியைப் பறிக்கப் போய்க் கடிபட்டவருக்கு வழக்கும் நட்டஈடும் பிறகு. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பக்கத்து வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயை அடித்துக் கொல்லக் கூடாது என்பதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது: அது உயிரோடு கட்டப்பட்டு இரண்டு வாரம் கண்காணிக்கப்பட்டால்தான், விசர் இருந்ததா இல்லையா என்பது வைத்தியருக்குத் தெரியவரும்.